இலங்கை மலாயர்: படைமுகாமில் உருவான ஒரு பண்பாடு

கொழும்புக் கோட்டைக்குப் பக்கத்தில் கொம்பனித்தெரு என்றொரு பகுதி இருக்கிறது. அங்குள்ள தெருப்பெயர்களை வாசித்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்: மலே வீதி, ஜாவா ஒழுங்கை, ரைபிள் வீதி. முதல் இரண்டும் ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்கின்றன. மூன்றாவது, வந்து என்ன வேலை செய்தார்கள் என்று சொல்கிறது.

இலங்கை முஸ்லிம்கள் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தமிழ் பேசும் சோனகர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்களோடு ஒரே பள்ளிவாசலில் தொழுது, ஒரே பெருநாளைக் கொண்டாடி, வீட்டுக்குள் போனதும் வேறொரு மொழி பேசும் சிறு கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள்தான் மலாயர். 2012 குடிசன மதிப்பீட்டின்படி 40,000க்குச் சற்று மேல். நாட்டின் மக்கள்தொகையில் சுமார் 0.2 சதவீதம். கொழும்பு, கண்டி, பதுளை, குருநாகல், அம்பாந்தோட்டை, அதற்கருகில் உள்ள கிரிந்த என்று சிதறி வாழ்கிறார்கள்.

மலாயர் என்றால் மலேசியாவிலிருந்து வந்தவர்கள் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பெரும்பாலானவர்களின் மூதாதையர் இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்தவர்கள். ஜாவா, மதுரா, சுமத்ரா, சுலவேசி, அம்போன் என்று பல தீவுகள், அவற்றில் பல மொழிகள். தீவுக்குத் தீவு ஆட்கள் பேசிக்கொள்ளப் பொதுவாக இருந்தது சந்தை மலாய். அதைப் பேசுகிறவர்களை எல்லாம் ஆங்கிலேயர் ஒரே பெயரில் 'மலே' என்று பதிந்துவைத்தார்கள். சிங்களவர்களுக்கு இவர்கள் 'ஜா மினிசு', அதாவது ஜாவா ஆட்கள். பேச்சுத் தமிழிலும் ஜாவாக்காரர் என்ற பெயர் உண்டு. உண்மையைச் சொன்னால், அரசாங்கப் பதிவேட்டில் இருப்பதைவிட ஊர் வைத்த பெயர்தான் சரிக்குக் கிட்ட வருகிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 13ஆம் நூற்றாண்டில் மலாய்த் தீபகற்பத்தில் இருந்த தாம்பிரலிங்கத்து அரசன் சந்திரபானு இலங்கைமேல் படையெடுத்தான். வடக்கில் சில காலம் ஆட்சியும் நடத்தினான். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியின் பெயரை சாவகர் எனப்பட்ட அந்தப் படையினரோடு இணைத்துச் சொல்வது வழக்கம். ஆனால் இன்றைய மலாயர் அந்தப் படையின் வாரிசுகள் அல்ல. இவர்கள் கதை அதற்கு நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஒல்லாந்தர் கப்பல்களில் தொடங்குகிறது.

அரசர்களும் சிப்பாய்களும்

ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி 1619இல் ஜாவாவில் ஜயகார்த்தாவைக் கைப்பற்றிப் பத்தாவியா நகரை அமைத்தது. இன்றைய ஜகார்த்தா அதுதான். 1656இல் போர்த்துக்கீசரிடமிருந்து கொழும்பைப் பிடித்தது. இரண்டு ஊரும் ஒரே முதலாளியின் கைக்கு வந்ததும் நடுவில் ஆள் போக்குவரத்து தொடங்கிவிட்டது. கம்பனிக்குச் சண்டையிடச் சிப்பாய்கள், தண்டனை பெற்ற கைதிகள், அடிமைகள் வந்தார்கள். கூடவே, கம்பனிக்குத் தொல்லை கொடுத்த அரசர்களும் இளவரசர்களும் வந்தார்கள். அவர்களைக் கொன்றால் ஊர் கிளம்பும், விட்டுவைத்தால் கலகம் வரும். ஆகவே தூரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள், அந்தத் தூரம்தான் இலங்கை.

ஜாவாவின் மாதராம் நாட்டு அரசர் மூன்றாம் அமங்குராத் 1708இல் இங்கே நாடுகடத்தப்பட்டு, 1734இல் இங்கேயே இறந்தார். சுலவேசியின் மக்காசாரைச் சேர்ந்த சூஃபி ஞானி ஷேக் யூசுப் 1684இல் வந்தார். இங்கிருந்தும் அவருடைய செல்வாக்கு கடல் தாண்டிப் போவதைக் கண்ட ஒல்லாந்தர், 1694இல் அவரை இன்னும் தூரத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப்புக்கு அனுப்பினார்கள். அங்குள்ள கேப் மலாய் மக்கள் இன்றும் அவரைத் தங்கள் முன்னோடியாகக் கருதுகிறார்கள். ஜாவா மொழியில் 'செலோங்', அதாவது சிலோன், என்பதிலிருந்து நாடுகடத்துவதற்கே ஒரு வினைச்சொல் உருவாகிவிட்டது என்றால், இந்தப் போக்குவரத்து அங்கே எவ்வளவு பயத்தை ஏற்படுத்தியிருக்கும் என்று பாருங்கள்.

அரச வம்சக் கதைகள் கேட்க நன்றாக இருக்கும். மலாய்க் குடும்பங்களில் பலர் தங்கள் பாட்டன் ஓர் இளவரசர் என்று சொல்வதுண்டு. சிலருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தொகையில் கூடியவர்கள் சாதாரணச் சிப்பாய்கள். இந்தச் சமூகத்தின் அச்சு அரண்மனை அல்ல, முகாம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் இவர்கள் மொழி, எழுத்து, பாட்டு, விளையாட்டு எல்லாம் சட்டென்று விளங்கும்.

1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள். ஒல்லாந்தருக்காகச் சண்டையிட்ட மலாய்ச் சிப்பாய்களை அவர்கள் கலைக்கவில்லை, தங்கள் படையில் சேர்த்துக்கொண்டார்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரிலிருந்தும், 1811 முதல் 1816 வரை ஜாவா தங்கள் கையில் இருந்தபோது அங்கிருந்தும் ஆள் எடுத்தார்கள். மனைவி மக்களோடு வந்து குடியேறவும் விட்டார்கள். 1827 முதல் அந்தப் படைக்கு இலங்கை ரைபிள் படையணி என்று பெயர். அதில் ஆப்பிரிக்கக் காப்பிரிச் சிப்பாய்களும் சிங்களவர்களும் இருந்தாலும் முதுகெலும்பு மலாயர்தான்.

அந்தக் காலத்தின் ஒரு சம்பவம். சுலவேசியின் கோவா நாட்டு அரசர் ஒருவர் 1767இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். அவருடைய பிள்ளைகள் இங்கே வளர்ந்து போர்த்தொழிலுக்குப் போனார்கள். சங்குங்லோ என்ற மகன் கண்டி அரசனின் மலாய்ப் படைக்குத் தலைவரானார். நூருதீன் என்ற மகன் ஆங்கிலேயரின் மலாய்ப் படையில் கேப்டன். 1803இல் கண்டியில் இரு படைகளும் மோதின. சங்குங்லோ அந்தப் போரில் இறந்தார். ஆங்கிலேயர் தோற்றார்கள், நூருதீன் பிடிபட்டார். இறந்துபோன சகோதரனின் பதவியைத் தருகிறேன், என் பக்கம் வா என்று கண்டி அரசன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் கேட்டானாம். ஒரு ராஜாவுக்குத்தான் உப்புக்கடன் பட்டிருக்கிறேன் என்று நூருதீன் மறுத்தார். கொல்லப்பட்டார். நாடு இழந்த அரசனின் பிள்ளைகள், தங்கள் நாடல்லாத ஒரு நாட்டில், தங்கள் சண்டையல்லாத ஒரு சண்டையில் எதிரெதிரே நின்றிருக்கிறார்கள். இதை வெறும் விசுவாசக் கதையாகச் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

படையணி 1873இல் கலைக்கப்பட்டது. துப்பாக்கியைக் கீழே வைத்தவர்கள் பொலிஸுக்கும் தீயணைப்புப் படைக்கும் சிறைக்காவலுக்கும் தோட்டங்களில் மேற்பார்வை வேலைக்கும் போனார்கள். பொலிஸில் அதற்கு முன்பே மலாயர் இருந்தார்கள். உதுவன்கந்தை சரதியல் என்ற புகழ்பெற்ற கொள்ளைக்காரனைப் பிடிக்கப்போய் 1864 மார்ச் 21ஆம் தேதி மாவனெல்லையில் சுடப்பட்டு இறந்த சபான் என்ற கான்ஸ்டபிள் ஒரு மலாயர். கடமையில் உயிர்விட்ட முதல் இலங்கைப் பொலிஸ்காரர் அவர். இலங்கைப் பொலிஸார் ஆண்டுதோறும் மார்ச் 21ஐத்தான் வீரர் நினைவுநாளாக அனுசரிக்கிறார்கள்.

சொல் மலாய், வாக்கியம் நம்முடையது

தமிழ் வாசகருக்கு இந்தச் சமூகத்தில் மிகச் சுவாரசியமான விஷயம் அவர்கள் மொழி என்பேன். இலங்கை மலாய் பேசுகிறவரை முதன்முதலில் கேட்கும் மலேசியக்காரர் தடுமாறிப்போவார். ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது போலிருக்கும், வாக்கியம் மட்டும் பிடிபடாது. காரணம், அந்த வாக்கியம் நம் ஊர் வாக்கியம்.

'நான் சோறு தின்றேன்' என்பதை எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் 'சாயா மாக்கான் நாசி' என்பார்கள்: நான், தின், சோறு என்ற வரிசை. இலங்கை மலாயர் 'கோ நாசி சு-மாக்காங்' என்பார்: நான், சோறு, தின்றேன். வினை கடைசிக்குப் போய்விட்டது, தமிழிலும் சிங்களத்திலும் போல. முன்னால் ஒட்டியிருக்கும் 'சு' இறந்தகாலம் காட்டுகிறது. மலேசிய மலாயில் வினை காலத்துக்கேற்ப மாறுவதே கிடையாது. இங்கே வந்து காலம் காட்டக் கற்றுக்கொண்டது.

வேற்றுமை உருபும் அப்படித்தான். மலேசியாவில் வீடு 'ரூமா'. வீட்டுக்கு என்றால் 'கெ ரூமா', வீட்டில் என்றால் 'டி ரூமா'. உருபு முன்னால் வரும். இலங்கையில் அது பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும்: 'ரூமானங்' வீட்டுக்கு, 'ரூமாகா' வீட்டில். நம் 'உம்' போல 'லெ' என்றொன்று உண்டு. 'கோலெ' என்றால் நானும். இதையெல்லாம் தாண்டி எனக்குப் பிடித்தது ஒன்று இருக்கிறது. 'எனக்குத் தெரியும்' என்று தமிழில் நான்காம் வேற்றுமை போட்டுத்தானே சொல்கிறோம்? மலேசியாவில் அது 'சாயா தாவு', அதாவது 'நான் தெரி' என்கிற மாதிரி. இலங்கை மலாயர் 'கோடாங் தாவு' என்கிறார். 'எனக்கு'த் தெரியும்! சொல் ஒன்றுகூட தமிழ் இல்லை. ஆனால் அறிவு என்பது ஒருவர் செய்யும் செயலா, அவருக்கு நேர்வதா என்ற இடத்தில் இரண்டு மொழியும் ஒரே பக்கம் நிற்கின்றன.

இது எப்படி நடந்தது என்பதில் அறிஞர்களிடையே சண்டை உண்டு. ஆரம்பகால மலாய்ச் சிப்பாய்கள் தமிழ் பேசும் சோனகப் பெண்களை மணந்தார்கள், பிள்ளைகள் தாய்மொழியின் இலக்கணத்தில் தகப்பன்மொழியின் சொற்களை இட்டுப் பேசின என்பது ஒரு கட்சி. அவ்வளவு கலப்புத் திருமணம் நடந்ததற்கு ஆதாரம் போதாது, மூன்று மொழிகளும் தலைமுறை தலைமுறையாகப் பக்கத்தில் புழங்கியதே காரணம், சிங்களத்துக்கும் சம பங்கு உண்டு என்பது மறு கட்சி. வீட்டில் மலாய், பள்ளிவாசலிலும் மத்ரஸாவிலும் தமிழ், தெருவில் சிங்களம் என்று வாழ்ந்த மக்களிடம் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தெடுப்பது எளிதான காரியம் இல்லை. சோனகர்களைப் போலவே மலாயரும் ஷாஃபி மத்ஹப் என்ற சட்டப் பிரிவைச் சேர்ந்த சுன்னிகள் என்பதால் மார்க்க விஷயத்தில் தமிழ் தானாகவே உள்ளே வந்துவிட்டது.

வாசிக்கத் தெரிந்த சிப்பாய்கள்

முகாம் என்றால் முரட்டுத்தனம் என்று நினைப்போம். இவர்கள் முகாம்களில் கைப்பிரதிகள் புழங்கின. ஹிக்காயத் எனப்படும் நெடுங்கதைகளையும் ஷாயிர் எனப்படும் பாடல் காவியங்களையும் சிப்பாய்கள் கையால் பிரதி எடுத்து, கூடியிருந்து வாசித்துக் கேட்டார்கள். படையணி இடம் மாறும்போது பிரதிகளும் கூடவே போயின. எழுதியது அரபு எழுத்தில். மலேசியாவில் ஜாவி என்பதை இவர்கள் குண்டுல் என்பார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் காத்தான்குடியிலும் அரபுத்தமிழ் எழுதிய மரபை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தெரியாது. அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளி கூட்டிப் புதிய எழுத்துச் செய்துகொள்ளும் அதே வேலைதான்.

இந்த வாசிப்புப் பழக்கத்தின் மேல்தான் 1869இல் கொழும்பில் 'ஆலாமத் லங்காபுரி' என்ற பத்திரிகை வந்தது. நடத்தியவர் பாபா யூனுஸ் சல்தீன். உலகத்தின் முதல் மலாய்மொழிச் செய்தித்தாள்களில் ஒன்றாக, பலரால் முதலாவதாகவே, இது எண்ணப்படுகிறது. சிங்கப்பூரில் 'ஜாவி பெரானாக்கான்' தொடங்கியது 1876இல்தான். மலாய் உலகின் நடுவே இருந்த ஊர்களுக்கு ஏழு ஆண்டுகள் முந்தி, ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த ஒரு சிறு கூட்டம் பத்திரிகை நடத்தியிருக்கிறது. அதற்குரிய இடத்தை நாம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

கல்யாண வீடுகளிலும் கூட்டங்களிலும் பாடுவது பந்துன். நான்கு அடிப் பாட்டு. ஒன்றாம் அடியும் மூன்றாம் அடியும், இரண்டாம் அடியும் நான்காம் அடியும் இயைபு பெறும். முதல் இரண்டு அடியில் ஒரு காட்சி, பின் இரண்டு அடியில் சொல்லவந்த விஷயம். மலாய் உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு பழைய பந்துன் இப்படிப் போகும்: கப்பலில் பொன்வாழைப்பழம் கொண்டுபோனார்கள், பெட்டிமேல் ஒன்று பழுத்தது, பொன் கடன் என்றால் அடைத்துவிடலாம், நன்றிக்கடனைச் சாகும்வரை சுமக்க வேண்டும். வாழைப்பழத்துக்கும் நன்றிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஓசைதான் சம்பந்தம். கொஞ்சம் யோசித்தால், அழுகிப்போகிற பழமும் அழியாத கடனும் எதிரெதிராக நிற்பதும் தெரியும். ரபான் என்ற தோல்மேளத்தைத் தட்டிக்கொண்டு ஒரு பக்கம் ஒன்றைப் பாட, மறுபக்கம் அதற்கு ஏற்ற பதிலைப் பாட வேண்டும். எழுதிவைத்துப் படிப்பதற்கல்ல, எதிராளியின் வாயடைப்பதற்குத்தான் இந்தக் கலை. லாவணி கேட்டவர்களுக்கு அதன் உற்சாகம் புரியும்.

சாப்பாடு

இலங்கை முழுக்க எல்லா இனத்தாரும் சாப்பிடும் பல பண்டங்கள் இவர்கள் வீட்டிலிருந்து வந்தவை, அல்லது வந்ததாகச் சொல்லப்படுபவை. வட்டிலப்பம் அதில் முதலாவது. கித்துள் கருப்பட்டி, கெட்டித் தேங்காய்ப்பால், முட்டை, ஏலக்காய் சேர்த்து ஆவியில் வேகவைப்பது. பெருநாளுக்கு இது இல்லாத முஸ்லிம் வீடு இலங்கையில் அபூர்வம். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் சேர்த்துச் செய்யும் செரிக்காயாவுக்கு இது நெருங்கிய சொந்தம். அம்பாந்தோட்டைப் பக்கத்துத் தொதல் என்ற இனிப்பும் அந்த வழிதான். நாசிகோரெங் என்ற பொரித்த சோறு கொழும்புச் சாப்பாட்டுக் கடைப் பட்டியல்களில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. பிட்டும் பாபத்தும் தனி ரகம். பாபத் என்றால் மாட்டின் இரைப்பை. தமிழ்நாட்டில் போட்டி என்பது போல. அதை நன்றாகக் கழுவி, மெத்தென்று ஆகும்வரை வேகவைத்துக் குழம்பாக்கி, சுடச்சுடப் பிட்டின்மேல் ஊற்றுவார்கள். பிடிக்காதவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். பிடித்தவர்கள் அதைத் தேடியே கொம்பனித்தெருவுக்குப் போவார்கள்.

ஆனால் மலாய்ச் சமையலில் ஒன்றே ஒன்று தேர்வு செய்யச் சொன்னால் நான் மலே அச்சாறைத்தான் சொல்வேன். நம் எண்ணெய் ஊறுகாய் போன்றதல்ல இது. சின்ன வெங்காயத்தை உரித்து முழுசாக வைத்துக்கொள்ள வேண்டும். பச்சை மிளகாயைக் காம்போடு நுனியில் கீறிக்கொள்ளலாம். வினாகிரியைக் கொதிக்கவிட்டு இவற்றை அதில் போட்டவுடன் எடுத்துவிட வேண்டும். பச்சை வாசனை போக வேண்டும், கடித்தால் நறுக்கென்று இருக்கவும் வேண்டும். கடுகை இஞ்சி, பூண்டோடு வினாகிரி விட்டு அரைக்கும்போது அதன் காரம் மூக்கில் ஏறும். அந்த விழுதில் சீனியும் உப்பும் கலந்து, வெங்காயம், மிளகாய், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் புரட்டி, சாடியில் போட்டு ஓரிரு நாள் ஊறவிடுவார்கள். காரட்டும் பப்பாளிக்காயும் சேர்ப்பவர்களும் உண்டு. புளிப்பு, இனிப்பு, கடுகின் நெடி மூன்றும் ஒரே கவளத்தில் வரும். இறைச்சியும் நெய்ச்சோறும் நிறைந்த கல்யாணச் சாப்பாட்டில் இதற்கு இடம் எப்படிக் கிடைத்தது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

உடை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலங்கைத் தமிழர் சாரம் என்று உடுப்பது மலாய் 'சாரோங்'தான். பத்திக் துணியை ஒல்லாந்தர் காலத்துத் தொடர்பின் வழி வந்ததாகச் சொல்வார்கள். பெண்களின் கெபாயா என்ற மேல்சட்டையை இப்போது விழாக்களில்தான் காண முடிகிறது. வளைந்து வளைந்து செல்லும் கிரிஸ் என்ற குத்துவாளைச் சில குடும்பங்கள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கின்றன.

பெயரும் பந்தும்

மலாய் ஆண்கள் பலரின் பெயருக்கு முன்னால் 'துவான்' என்று இருக்கும், ஐயா என்கிற மாதிரி. முதலெழுத்து 'டி' என்று இருந்தால் அநேகமாக அதுதான். டி. பி. ஜாயா என்ற பெயரில் உள்ள 'டி'யும் அதே. துவான் புர்ஹானுதீன் ஜாயா (1890–1960), கொழும்பு ஸாஹிராக் கல்லூரியை 1921 முதல் 1948 வரை அதிபராக இருந்து வளர்த்தவர். 1947இல் அமைந்த முதல் அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சர். மலாயர் என்பதைத் தாண்டி இலங்கை முஸ்லிம்கள் எல்லோருக்கும் தலைவராக நின்றவர். குடும்பப் பெயர்களில் கிச்சில், பொங்சோ போன்றவை உண்டு. சின்னவன், கடைக்குட்டி என்று அர்த்தம். யாரோ ஒரு சிப்பாயின் செல்லப்பெயர் சம்பளப் பதிவேட்டில் ஏறிப் பரம்பரைப் பெயராகிவிட்டது என்று நான் ஊகிக்கிறேன்.

படையணி கலைவதற்கு ஓராண்டு முன், 1872இல், கொழும்பு மலாய் கிரிக்கெட் கழகம் தொடங்கப்பட்டது. ஐரோப்பியர் அல்லாதவர்கள் இலங்கையில் அமைத்த மிகப் பழைய கிரிக்கெட் கழகம் இதுதான். ஆங்கிலேய அதிகாரிகள் ஆடுவதை முகாம் திடலில் பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள். கொம்பனித்தெருவில் உள்ள அவர்கள் மைதானத்தைப் பாடாங் என்றே அழைக்கிறார்கள். மலாயில் திடல் என்பதற்கு அதுதான் சொல்.

இப்போது

கொழும்பிலும் கண்டியிலும் உள்ள மலாய்ப் பிள்ளைகள் பெரும்பாலும் சிங்களமோ ஆங்கிலமோ பேசுகிறார்கள். பாட்டி கேட்டால் புரியும், பதில் வேறு மொழியில் வரும். வேலைக்கு ஆங்கிலம் என்று பெற்றோர்கள் முன்பே முடிவெடுத்துவிட்டார்கள். அதை யாரும் குறை சொல்ல முடியாது. கிரிந்தவில் மட்டும் நிலைமை வேறு. மலாயர் சேர்ந்து வாழும் சிறிய கரையோர ஊர் என்பதால் பிள்ளைகள் தெருவிலும் மலாய் பேசி வளர்ந்தார்கள். மொழியியல் ஆய்வாளர்கள் அந்த ஊரைத் தேடிப்போனதற்குக் காரணம் அதுதான்.

மொழியைக் காப்பாற்ற என்ன வழி என்பதில் சமூகத்துக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கோடிக்கணக்கானோர் பேசும் திருத்தமான மலாயைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம், அகராதியும் புத்தகமும் வேலைவாய்ப்பும் அதில்தான் இருக்கின்றன என்பார்கள் ஒரு சாரார். வீட்டு மலாய் அவர்களுக்கு உடைந்த மலாய். அது உடைந்த மொழி அல்ல, தனக்கென்று இலக்கணம் உள்ள தனி மொழி, அதை எழுதவும் கற்றுக்கொடுக்கவும் வேண்டும் என்பார்கள் மற்றவர்கள். நான் இரண்டாவது பக்கம். 'கெ ரூமா' என்பதைக் கோலாலம்பூரிலிருந்து யாரும் எப்போது வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். 'ரூமானங்' என்று சொல்கிறவர்கள் இந்தத் தீவில் மட்டும்தான் இருக்கிறார்கள், அவர்களிலும் பாதிப்பேர் அதைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.